பொன்னுமணி மாமா வருவார் என்று சொன்னேன்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போங்கப்பா, வேலையப் பாருங்க" என்று எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. போன ஆகஸ்டில், வடசேரியில் எங்கள் வீட்டில், பட்டப்பகலில்.

அப்பா குமாரதாசுக்கு எழுபத்திரண்டு வயது. திருவனந்தபுரத்தில் பைபாஸ் ஆப்பரேஷன் முடித்துக் கூட்டி வந்தோம். நெஞ்சுப் புண் நன்றாக ஆறியது. ஆனால் அப்பா சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. "பொழச்சு என்னத்துக்கு?" என்றார். இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு மனச்சோர்வு வரலாம், வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். மனசுக்கு மாத்திரையா, ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று நான்தான் கூட்டிப் போகவில்லை. படித்தவள் செய்கிற காரியமா அது!

அப்பா விசாரித்த ஒரே ஆள் பொன்னுமணி மாமா. இராஜாக்கமங்கலத்துக்காரர். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். அவருக்கும் அதே ஆப்பரேஷன். ஆகஸ்ட் 9-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். அவர் மகள் ஜாஸ்பின் போனில் அழுதாள். இருதய நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் மறைத்தேன். மறைத்ததோடு நின்றேனா?

"மாமா சொகமா இருக்காருப்பா. உங்களப் பாக்க வருவாரு" என்றேன்.

ஆகஸ்ட் 12. பிற்பகல் 3.40. அடுக்களையில் இருந்தேன். அப்பா அறையில் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா மட்டும்தான்.

"யாருட்டப்பா பேசுனிய?"

"பொன்னுமணிட்ட. இப்பம்தான் போறான்."

கனவு கண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

13-ஆம் தேதி. அதே 3.40. இருமல் சத்தம்... நெஞ்சில் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இருமுவார்கள். அமுங்கிய சத்தம் அது. இரண்டு பேர் இருமினார்கள். உள்ளே போனால் அப்பா மட்டும்தான். கட்டிலருகே ஒரு நாற்காலி கிடந்தது. நான் போடவில்லை. அப்பா ஒரு செம்பைக்கூடத் தூக்கக் கூடாது.

14-ஆம் தேதி. அப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வாறியா வாறியான்னு கேக்கான் மக்கா... நானும் அவன்கூடப் போட்டா?"



3.40.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அதிலிருந்து இருமல் வந்தது...

அப்பா காலைக் கீழே வைத்தார்.

"அப்பா! அவரு செத்துட்டாரு! ஒம்பதாந் தேதியே செத்துட்டாரு! நான் பொய் சொன்னேன். போவாதியப்பா..."

இருமல் நின்றது.

"தெரியும் மக்கா. அவன் மொத நாளே சொல்லிட்டான். நீ எப்பம் சொல்லுவியோன்னு இருந்தேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அழுதார். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் அழுதது அன்றுதான். நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை உட்கார்த்திப் பேசினார்கள். ஒரு மாதத்தில் அப்பா புட்டு வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார். பிறகு அந்த அறைக்கு யாரும் வரவில்லை.

செப்டம்பரில் துக்கம் கேட்க இராஜாக்கமங்கலம் போனேன். நடந்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஜாஸ்பின்தான் ஆரம்பித்தாள்.

"எங்க அப்பாவும் கடைசியில ஒண்ணும் தின்னல்லக்கா. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம். சாவதுக்கு முந்தி நாலு நாளும் ஒரே பேச்சு. குமாரதாஸ் வந்து கட்டில்ல இருக்கான், என்னக் கூப்பிடுதான்னு... உங்கப்பா நெசமாவே இங்க வந்தாராக்கா?"

அந்த நாலு நாளும் நான் லீவு போட்டு அப்பா பக்கத்திலேயே இருந்தேன். அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.