ஏழாவது மலைக்கு இரண்டு பேர்

வெள்ளியங்கிரி மலைக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் வருடம் முழங்கால் வலித்து நான்காவது மலையில் திரும்பினேன். அடுத்த வருடம் மழை வந்து ஆறாவதில் திரும்பினேன். சாமி இருப்பது ஏழாவதில். ஆறு ஏறினாலும் ஏறாத கணக்குத்தான். திருப்பூரில் நான் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில், தைத்த பீஸில் ஓட்டை, கறை பார்க்கிற செக்கிங் பெண்களுக்கு இது போதும். "ஏனுங்க, இந்த வருசம் எத்தனாவது மலை வரைக்குமுங்க?" என்று பீஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

மூன்றாவது முறை, இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு மே மாதம், கட்டிங் மாஸ்டரையும் கூட்டிப்போனேன். குன்னத்தூர்க்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருக்கு மலை ஆசையெல்லாம் கிடையாது. நான்தான் நச்சரித்தேன். தனியாக ஏறிவிட்டு வந்து சொன்னால் அந்தப் பெண்கள் நம்ப மாட்டார்கள். எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

நான் ஒரு பாலியஸ்டர் ஜெர்கின் எடுத்து வந்திருந்தேன். மாஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதப் போட்டா மேலெல்லாம் புழுங்குமுங்க. நம்முளுது சுத்தக் காட்டனுங்க."

எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய இரண்டு டீசர்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். இருபது வருடம் காட்டன் வெட்டியவரிடம் துணியைப் பற்றி நான் என்ன பேசுவது?

விடியும்போது மூங்கில் தடியை ஊன்றி ஏற ஆரம்பித்தோம். எனக்கு முதல் மலைப் படிகளிலேயே நாக்கு தள்ளியது. அவர் சாவகாசமாக எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆறாவது மலையில் ஆண்டிச்சுனை. அதில் குளித்துவிட்டுத்தான் ஏழாவதுக்குப் போவது வழக்கம். தண்ணீர் ஐஸ். நான் தலையில் தெளித்துக்கொண்டு தப்பித்தேன். மாஸ்டர் டீசர்ட்டோடு மூன்று முங்கு முங்கி எழுந்தார். "போற வழியில காஞ்சிருமுங்க" என்றார். திருப்பூர் வெயிலில் பத்து நிமிடத்தில் காயும்தான்.

ஏழாவதின் பாதியில் மூடுபனி இறங்கியது. காற்று பிடித்துத் தள்ளியது. குடித்த தண்ணீரைக் காட்டன் விடுவதாக இல்லை. மாஸ்டர் ஒரு பாறை ஓரம் உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டியது, உதடு வெளுத்திருந்தது.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கியே உக்காந்திருக்கறனுங்க."

ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் மேலே போக முடியாது. இதை யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், நன்றாக யோசித்தேன். "பத்து நிமிசத்துல வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன். திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது.

உச்சியில் பாறைகளுக்கு நடுவே சாமி. கும்பிட்டேன், விபூதி வாங்கினேன். சுற்றிலும் வெள்ளையாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பெருமையாக இருந்தது. இறங்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது.

பாறை ஓரத்தில் அவர் இல்லை. விழுந்து எழுந்து ஆறாவது மலைக்கு ஓடினேன். சுக்குக் காப்பி விற்கிற கடையில், நெருப்புக்குப் பக்கத்தில், கழுத்துவரை உரச்சாக்குக்குள் உட்கார்ந்திருந்தார். யாரோ முன்பின் தெரியாதவர்கள் தூக்கி வந்து, ஈரத்தைக் கழற்றி, சாக்கில் இறக்கியிருந்தார்கள்.

"இவரு கூட வந்த ஆளு யாருங்க?" என்றார் கடைக்காரர்.

"நானுங்க."

அவர் என் ஜெர்கினைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

மாஸ்டர் மட்டும், "தரிசனம் ஆச்சுங்களா?" என்று கேட்டார். விபூதியை நீட்டினேன். பூசிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது மேலே எப்படி இருந்தது என்று விசாரித்தார். சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை செக்கிங் பெண்கள் என்னிடம் கேட்கவில்லை, நேராகக் கட்டிங் மேஜைக்கே போனார்கள். "மாஸ்டர், நெசமாச் சொல்லுங்க. சூப்பர்வைசர் மேல வரைக்கும் போனாருங்களா?"

மாஸ்டர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டு பேருமே போனமுங்க. மேல ஒரே பனி, ஒண்ணுமே தெரியலீங்க. எனக்குத்தான் குளுரு தாங்குல. அவருதான் ஜெர்கினக் கழட்டி எனக்குப் போட்டுவுட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாருங்க."

பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், முதல் முறையாக மரியாதையோடு. நான் ஒரு பீஸை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை தேடுகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.