பால் பொங்கிய அடுப்பு

அடுப்புச் செய்யும் தொழிலில் முதலில் ஆறிப்போவது செய்கிறவளுடைய தேத்தண்ணிதான். கையால் வேலை செய்து பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் ஆடை படர்ந்த தேத்தண்ணியைத்தான் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் காஸ் அடுப்புத் திருத்தும் கடையில் என் கணவர் இருந்த மேசையில், அவர் செத்த பிறகு ஆறு வருடமாக நான் இருக்கிறேன். என் வேலையில் பாதி, பால் பொங்கி அடைத்த பர்னர்களை ஊசியால் குத்தித் துப்புரவாக்குவது. கடை அவருடைய தம்பி சிவத்தினுடையது. அண்மையில் அந்த மேசையை ஃபோன் திருத்துகிற ஒருவருக்குக் கொடுக்க சிவம் யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து நிரோஷன் என்று ஒரு பிள்ளை வந்தார். கம்பியூட்டர் வேலை. லீவு நாட்களில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலை ஏறுகிறவர். முதுகுப் பையில் கொண்டுபோகப் பாரமில்லாத சின்ன அடுப்பு வேண்டும், மாதிரி ஒன்று மலையில் சரிவந்தால் நாற்பது வேண்டும் என்றார். நாற்பது அடுப்புச் செய்ய ஒரு மேசை வேண்டுமே என்று நான் சிவத்தைப் பார்த்தேன். சிவம் சொன்னார்: "ஓடர் வந்தா மேசை உங்களுக்கு, வராட்டி அவருக்கு. நான் வேற என்ன செய்யிறது, அண்ணி?"

பாரம்

முதலாவதைத் தகரத்தில் செய்தேன். மூன்று கால், ஒரு பிடி, ஒரு மூடி. யானை ஏறி நின்றாலும் அசையாது. நிரோஷன் பையிலிருந்து ஒரு குட்டித் தராசை எடுத்து அதன் மேல் வைத்தார். முகம் வாடிப்போயிற்று. மூடியைக் கழற்றினேன். பிறகு பிடியை. அதற்கும் வாடினார்.

கடைசியில் குடித்துப் போட்ட இரண்டு சோடா ரின்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினேன். நடுவில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால், சூடேறிய ஆவி விளிம்பிலுள்ள இருபத்துநாலு ஊசித் துளைகளால் வந்து பூப்போல எரியும். ஒரு முட்டையின் பாரம்தான் இருக்கும். அதற்கும், சட்டி வைக்கும் கம்பியில் இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதா என்று கேட்டார். அவருடைய தொப்பையைப் பார்த்தபடி, "இந்தக் கம்பியில என்ன தம்பி வந்துவிடப் போகுது?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அன்ரி, நான் ரூத் பிரஷ்ஷின்ர பிடியையே பாதியா வெட்டிப்போட்டுத்தான் மலைக்குப் போறனான்."

ஸ்பிரிட்

அடுப்பைச் சோதித்துப் பார்க்க, காயம் துடைக்கிற ஸ்பிரிட் வேண்டும். வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள ஃபார்மசியில் ஒரு போத்தல் வாங்கினேன். மூன்றாம் நாள் இன்னொன்று. பிறகு ஒரேயடியாக இரண்டு. காயம் எங்கே என்று அங்கு நிற்கிற ஐயா கேட்கவில்லை. போத்தல்களைக் கடுதாசியில் சுற்றி, மற்ற ஆட்களுக்குத் தெரியாமல் மெல்லத் தந்தார். இனித் தரமாட்டார் என்றால் எங்கே போவேன்?

நாலாவது தரம் போனபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். அவர் சொன்னதைக் கேட்டு, செத்துப்போன மனிதனுக்காகத் தலையாட்டிவிட்டுப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். "பிள்ளை, ஒருநாளைக்கு உங்கட மனுசனை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. குடிக்கிறதுக்கு இது சாமான் இல்லையெண்டு நான் பக்குவமாச் சொல்லுறன்."

காற்று

மலையில் காற்று என்றார் நிரோஷன். கொழும்பில் காற்றுக்கு நான் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். ஒரு பின்னேரம் ரயில் பாதையைத் தாண்டிப் போய், கற்களுக்கிடையில் குந்தி, சாப்பாட்டுப் பார்சல் வருகிற அலுமினியத் தட்டை வளைத்து அடுப்பைச் சுற்றி மறைப்பு வைத்தேன். இரண்டு தரம் அணைந்தது. மறைப்பை ஒரு விரல் உயர்த்திய பிறகு நின்று எரிந்தது. தகர மக்கில் தண்ணீர் கொதித்தது. சந்தோஷப்படுவதற்குள் இன்னொரு யோசனை வந்தது. ஆரும் இதைக் கூடாரத்துக்குள் கொளுத்தினால்?

அப்படி யோசித்துக்கொண்டு இருக்கும்போதுதான் மூன்றாம் மாடி மனோ அக்கா நடைப்பயிற்சிக்கு வந்தார். காஸ் தட்டுப்பாட்டில் எல்லாரும் வரிசையில் நின்ற காலத்தில் எனக்கு முன்னால் நின்றவர். என்னையும் மக்கையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "காஸ் முடிஞ்சதெண்டா எங்கட கதவைத் தட்டியிருக்கலாமே, ராசாத்தி. இப்பிடிக் கடற்கரையில வந்து அடுப்பு மூட்டவேணுமே?"

பால்

மாதிரி அடுப்பு வெள்ளிக்கிழமை போக வேண்டும். புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சாமல் வேறு எதை வைப்பது? நீங்களும் வைத்திருக்க மாட்டீர்கள். ஒரு பைக்கற் பசும்பால் வாங்கி, கடையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினேன். பால் எழும்பி, மக்கின் நாலு பக்கமும் வழிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். பிறகு அடுப்பை வெளிப்பக்கம் பளபளக்கத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். சிவத்துக்குக்கூட முகம் மலர்ந்திருந்தது. "பார்த்தீங்களே அண்ணி, என்ன மாதிரிப் பொங்கினது! மேசை உங்களுக்குத்தான்."

நூடில்ஸ்

அவர்கள் மலை ஏறிய சனிக்கிழமை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை வருமோ, அடுப்புச் சரியுமோ, ஆருக்கும் கை சுடுமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படவில்லை.

திங்கட்கிழமை நிரோஷன் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். உச்சியில் அடுப்பு ஒரு பக்கம் மட்டும் எரிந்ததாம். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேலே போகவில்லையாம். போன பதினொரு பேரும் நூடில்ஸைப் பச்சையாக நொறுக்கித் தின்றுவிட்டு இறங்கினார்களாம். அடுப்பை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். இருபத்துநாலு துளைகளில் ஏழுதான் திறந்திருந்தன. மற்றவற்றில் பால் கருகி இறுகியிருந்தது. ஆறு வருடமாக ஊர்ப் பெண்களை நான் ஏசுகிற அதே அடைப்பு. ஊசியால் குத்தினால் சரியாகிவிடும், இன்னொரு தரம் கொண்டுபோங்கோ என்று கெஞ்சினேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வேறு இடத்தில் ஓடர் கொடுத்தாகிவிட்டதாம். "காத்துக்கும் நிண்டது, பாரமும் இல்லை, அன்ரி. ஆனா இறங்கி வரும் வரைக்கும் எல்லாரும் என்னட்ட 'ஆர் பால் எரிச்சது?' எண்டுதான் கேட்டவை."

புது மேசை

மாத முடிவில் என் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வாசல் பக்கம் ஒரு முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுப்பு வந்தால் மடியில் வைத்துத் திருத்தலாம். ஃபோன் திருத்துகிறவர் கொம்பனித்தெருவிலிருந்து வந்தார். நாற்பது வயது மதிக்கலாம், பணிவான மனிதர். மேசைக்குப் புதுக் கண்ணாடி போட்டு, நல்ல நேரம் பார்த்து, பூ வைத்திருந்தார். அப்போதுதான் சிவம் என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அண்ணி, அந்தச் சின்ன அடுப்பை ஒருக்காத் தாங்கோவன், இவற்ற மேசைக்குப் பால் காய்ச்சோணும்."

இருபத்துநாலு துளைகளையும் ஊசியால் குத்தித்தான் கொடுத்தேன். பால் அழகாகப் பொங்கியது, பால் பொங்கினால் நல்லது நடக்கும் என்பதும் உண்மைதான், ஆருக்கு என்பதை மட்டும் நான்தான் முதல் தரம் கேட்க மறந்துவிட்டேன்.