மாமியார் ஏசுகிறாள்

நாடகப் பிரதியில் என் பங்கு ஒரே வரிதான்: "இங்கே மாமியார் ஏசுகிறாள்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் கால் மணி நேரம் ஏசுவேன். ஊருக்கு ஊர் வேறு வேறாக வரும். ஒருநாளும் எழுதியதில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. பீடி சுற்றினேன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினேன். அங்கே சரிவில் விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. அந்த ஓட்டைவாய்க்காகவே இருபத்துநான்கு வயதில் நாடகக் கம்பெனியில் மாமியார் வேஷம் கிடைத்தது.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்தோம். ஆட்டத்தன்று காலை மானேஜர் பிரதியோடு வந்தார்.

"செல்லம், அனுமதிக்குக் குடுத்த பிரதியைப் போலீஸ் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டான். ஏசுகிறாள்னா என்ன ஏசுகிறாள்னு கேக்கான். மூணு மணிக்குள்ள எழுதிக் குடு. எழுதாத ஒரு வார்த்தை பேசினாலும் கொட்டகையைப் பூட்டிருவான்."

"நான் எழுதவா?"

"பின்ன, ஒன் வாயை நானா எழுத முடியும்?"

சுவரைப் பார்த்து ஏசினேன். ஏசியதை எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. நானே கொண்டுபோனேன்.

பிரதி பார்க்கும் குமாஸ்தா பாறசாலைப் பக்கத்துத் தமிழர். சிரிக்காமல் படித்தார். ஓரிடத்தில் ஒரு வரியை அடித்தார்.

"இது வேண்டாம், கேட்டீளா. ஜாதியைத் தொட்டுப் பறைஞ்சா கொட்டகையில அடி நடக்கும்."

"அந்த இடம் மொட்டையா நிக்குமே, ஐயா. வேற ஒண்ணு நீங்களே சொல்லுங்க."

பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "எங்க அம்மை வீட்டுல மருமகள்கிட்ட சொல்லுவா. 'ஒங் கறியில உப்பில்லை. நாக்குல மட்டும் ஒரு உப்பளமே கெடக்கு.'" தானே ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டத்தின்போது முன்வரிசையில் பிரதியும் விரலுமாக அவரே உட்கார்ந்திருந்தார். நான் ஏசத் தொடங்கினேன். அவர் விரல் வரிக்கு வரி கூடவே வந்தது. பத்துப் பக்கம் தடங்கலில்லை. அவர் கொடுத்த வரிக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் என் வாயிலிருந்து காகிதத்துக்குப் போனவை. இது ஒன்றுதான் காகிதத்திலிருந்து வர வேண்டியது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. பக்கத்திரைக்குப் பின்னால் மானேஜர் தலையில் கை வைத்தார்.

"உப்பு," என்றார் குமாஸ்தா மெதுவாக. நான் விழித்தேன். "உப்பு, உப்பு." பிறகு பொறுக்க முடியாமல், அவர் அம்மா குரலிலேயே முழு வரியையும் உரக்கச் சொல்லிவிட்டார். கொட்டகை அதிர்ந்தது.

"உப்பை அங்க இருந்தே போடுதீரே, வந்து கிண்டியும் விடும்" என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அது பிரதியில் இல்லை. விழுங்கிவிட்டு, அவர் சொன்ன வரியைத் திருப்பிச் சொல்லி முடித்தேன். கொட்டகையைப் பூட்டவில்லை.

பிற்பாடு பல கம்பெனிகளுக்கு நாடகம் எழுதினேன். நடிப்பவர் ஒருதரம் தன் வாயால் சொல்லிப் பார்க்காமல் எந்த வரியையும் முடிவாக வைத்ததில்லை. புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அன்று விழுங்கிய பதிலை மறுநாள் காலை, நாடகத்தில் என் புருஷனாக வரும் மாமனாரைப் பார்த்துச் சொல்வதுபோல் எழுதி போலீஸ் ஆபீசுக்கு அனுப்பினேன். ஒரு எழுத்தும் அடிபடாமல் கையெழுத்தோடு திரும்பி வந்தது. யாரும் கேட்காமல் நான் எழுதிய முதல் வரி அது.