விரியன் கடித்தவனைக் கூப்பிடுதல்

வெல்லாவெளிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. கணக்குப் படிப்பிக்கிற மனுசன் அறுவடைக் காலத்தில் வயல்வட்டைக்குள் போய் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுப்பானா என்று மனைவி இன்றைக்கும் ஏசுகிறாள். எட்டடி விரியன் கடித்தது எனக்குத் தெரியவே இல்லை. விடிந்தபோது வயிற்றுவலி. இமைகளைத் தூக்க முடியவில்லை. ஊரில் விஷவைத்தியம் பார்க்கிற பரிசாரியார் வேப்பிலையைச் சப்பக் கொடுத்தார். கசக்கவில்லை என்றதும் விஷம்தான் என்று மணிக்கட்டில் கறுப்பு நூலைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஓட்டோவிலேயே பேச்சு நின்றுவிட்டது. தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு எனக்காக இயந்திரம்தான் மூச்சு விட்டது.

ஒரு விரலையும் அசைக்க முடியவில்லை. ஆனால் காது கேட்டது, எல்லாமே கேட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த நாள் காலையில் பெரிய டொக்டர் மருத்துவ மாணவர்களோடு வந்தார். என் இமையைத் தூக்கி வெளிச்சம் அடித்தார்.

"கண்மணி சுருங்கவே இல்லையே. ஆள் முடிஞ்சுதா, சேர்?" என்றான் ஒருவன்.

"விரியன் கடியில இப்பிடியும் இருக்கும். அவசரப்படாதீங்க. நாளைக்கும் அசைவு ஒண்டும் இல்லாட்டி வீட்டாக்களோட கதைப்பம்."

வீட்டாக்களோடு என்னத்தைக் கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நெஞ்சு பதறியது. பதறுகிற நெஞ்சுக்கும் மூச்சை இயந்திரம் ஒரே அளவாகத்தான் விட்டது.

டொக்டர் போனதும் மாணவர்கள் என் நூலைப் பிடித்துக்கொண்டார்கள். "பரிசாரிட மருந்து சீட்டு இதுதான்" என்றான் ஒருவன். "சிரிக்காத, சோதினைக்கு உன்ர அம்மா கட்டிவிட்ட அச்சரக்கூடு இடுப்பில கிடக்கு" என்றான் இன்னொருவன். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தது ஒரு பெண்குரல்.

"எங்கட ஊரில இன்னும் மோசம். பாம்பு கடிச்ச ஆள உடனே புதைக்க மாட்டாங்க. காதுக்குள்ள பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. உயிர் உள்ளுக்க எங்கயோ மூலையில ஒளிச்சிருக்குமாம்!"

சிரிப்பு கட்டிலைச் சுற்றி ஓடியது. எனக்கு வந்த கோபம்! அடி பாவி, அந்த மூலையில்தானே நான் கிடக்கிறேன்!

அன்று பின்னேரம் யாரோ மெதுவாக வந்து என் கையைப் பிடித்தார்கள். காதுக்குள் சூடான மூச்சு பட்டது. அதே குரல், இப்போது சிரிப்பில்லை. வயதில் மூத்தவனென்றும் பாராமல் என் பெயரை மொட்டையாகச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள்.

"கேக்குதா? கேட்டா எதையாவது அசைச்சுக் காட்டுங்க."

உடம்பு முழுக்கத் தேடினேன். கை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கடைசியில் வலது கால் பெருவிரல் எங்கோ கிணற்றின் அடியில் கிடப்பதுபோல் அகப்பட்டது. அதை அசைத்தேன். போர்வைக்குள் அது ஆடியது. அவள் பிடியோ என் கையிலேயே இருந்தது.

"சரி" என்று கையை விட்டாள்.

ஐயோ, போகாதே புள்ள என்று உள்ளுக்குள் கத்தினேன். போகிற போக்கில் அவள் கால்மாட்டில் நின்று போர்வையை இழுத்துவிட்டாள். விரலை இன்னொருமுறை அசைத்தேன். அது அவள் உள்ளங்கையில் பட்டது. "அம்மா!" என்று அவள் அலறிய அலறலில் தாதிமார் ஓடி வந்தார்கள்.

நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியபோது மாணவர்கள் திரும்ப வந்தார்கள். வழமையான பரிசோதனையின்போது கால்விரல் அசைவைக் கண்டதாக அவள் டொக்டரிடம் ஒப்புவித்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு நையாண்டி என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"எங்கட அப்பாவையும் விரியன்தான் கடிச்சது, சேர். நான் அப்ப சின்னப் புள்ள. கூப்பிட்டுப் பாப்பம் எண்டு அம்மா அழுதா. சொந்தத்தில படிச்ச ஆக்கள், இது என்ன மூடப்பழக்கம் எண்டு ஏசினாங்க. அண்டைக்கே அடக்கம் பண்ணிட்டாங்க."

கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், நீங்க அப்பிடிக் கிடக்கக்குள்ள... ஆக்கள் கதைக்கிறது கேட்டதா? நான் கூப்பிட்டது?"

அவளுடைய சிரிப்பு, மற்றவர்களின் சிரிப்பு, வாசலில் என் மனைவி அழுத அழுகை, பக்கத்துக் கட்டிலில் செத்தவரைத் துணியில் சுற்றிய சத்தம், எல்லாம் அப்போதும் என் காதுக்குள் இருந்தன.

"ஒண்டும் கேக்கல்ல, புள்ள. நல்ல நித்திர மாதிரி. விரல் தன்பாட்டுக்கு ஆடியிருக்கும்."

"மெய்யாவா?"

"மெய்தான்."

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப அப்பாக்கும் மண் போட்டது கேட்டிருக்காது என்ன, சேர்?"

"கேட்டிருக்காது" என்றேன்.