பக்கவாட்டு வெளிச்சம்

என் அண்ணியைக் கெட்டிக்காரி என்றால் அவருக்குப் பிடிக்காது. "மெஷின் வேலை செய்யுது, எனக்கென்ன?" என்பார். செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஒரு தோல் மருத்துவமனை. அவர் லேசர் அறையில், நான் வரவேற்பு மேசையில். நாத்தனாரும் அண்ணியும் ஆறு வருஷமாக ஒரே இடத்தில் சண்டையில்லாமல் காலம் தள்ளுவதே பெரிய அதிசயம்.

இதற்கு முன் அவர் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். கல்யாணப் பெண்களின் பருவையும் மச்சத்தையும் கம்ப்யூட்டரில் அழிக்கிற வேலை. ஒரு பெண் தன் படத்தைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்ட அன்றே அந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டார்.

இங்கே வந்ததும் தரையில் டேப் ஒட்டினார். யார் வந்தாலும் அதன்மேல்தான் நிற்க வேண்டும். விளக்கு எப்போதும் பக்கவாட்டில், அதே உயரத்தில். லேசர் வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் ஒரு படம். அந்த வெளிச்சத்தில் சின்னப் பள்ளம்கூடப் பெரிதாகத் தெரிகிறது என்று டாக்டரே சலித்துக்கொள்வார், அண்ணி மசியமாட்டார். தழும்போடு வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தையே, "மறையாது, மங்கும்." கேட்டதும் பாதிப் பேர் படியிறங்கிவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு டீச்சர் மட்டும் படியிறங்கவில்லை. பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். இரட்டைப் பிள்ளை பெற்றதில் தொடை முழுக்க வரிவரியாகத் தழும்பு. இரண்டு வருஷமாகக் கரையில் நின்று விசிலடித்தே ஒப்பேற்றிவிட்டார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றும் தண்ணீரில் இறங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

நாலு தடவை லேசர் வைத்தாயிற்று. முடியைவிட மெல்லிய துளைகளை அது போடும். தோல் தானே அவற்றை நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறு வாரம். கருஞ்சிவப்பாகக் கிடந்த வரிகள் தோலோடு தோலாகச் சேர்ந்துகொண்டே வந்தன. உடம்புக்கு இவ்வளவு தெரியுமா என்று மலைத்துப்போனேன்.

ஆனாலும் பள்ளி திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஐந்தாவது தடவைக்கு வந்து நின்ற டீச்சரின் முகம் சுண்டியிருந்தது. நான் அண்ணியின் காதைக் கடித்தேன்.

"லைட்ட முன்னாடி திருப்புங்க அண்ணி. ஒண்ணுமே தெரியாது. பாவம், சந்தோஷமா போய் இறங்கட்டும்."

"நீ போய் போனை எடு," என்றார். போன் அடிக்கவேயில்லை.

திரையில் படம் வந்தது. டீச்சரின் கண் கலங்கியது.

"இன்னும் இருக்கே?"

"இருக்கு. பாதிக்கு மேல மங்கிடுச்சு. மிச்சம் இருக்கத்தான் செய்யும்."

"லைட்ட திருப்பினா தெரியாதாமே? காதுல விழுந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி அசரவில்லை. முதல் நாள் படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"திருப்பியிருந்தா, மாறினது லைட்டா தோலான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும். இது அதே இடம், அதே லைட்டு. இவ்வளவும் உங்க தோலு செஞ்சது."

டீச்சர் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள எப்படி இருக்கும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் இறங்கினதே இல்ல. நீச்சல் வராது."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பொய் சொல்ல இவ்வளவு நல்ல வாய்ப்பை நழுவவிட்ட மனுஷியை நான் பிரமிப்போடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி அவரைப் படுக்கவைத்து, மரத்துப்போகவைக்கும் க்ரீமைத் தடவிக்கொண்டே வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். "ரெண்டு வாரத்துக்கு நீச்சல்குளம் பக்கமே போகக்கூடாது. புண்ணாயிடும்."

தண்ணீரிலேயே இறங்காத டீச்சருக்கு இத்தனை மாதமும் அந்தப் பாடம் தேவைப்பட்டதேயில்லை. இன்று எழுந்து உட்கார்ந்தார். பஞ்சை வாங்கி, தொடையில் பூசியிருந்த க்ரீமைத் தானே துடைத்தார்.

"அப்ப இன்னைக்கு லேசர் வேண்டாம். திங்கட்கிழமை எனக்கு கிளாஸ் இருக்கு."