அவள் புனேயில் இருந்தபோது எடுத்த இ.சி.ஜி.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள என் மனைவி புனேக்குப் போய்விட்டாள். ஓசூர் வீட்டில் நான் மட்டும். ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆகிவிட்டதால் ஷிப்டும் இல்லை. நானே சமைப்பேன். உப்பு சரியா என்று கேட்க ஆள் இருக்காது.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்த நர்ஸ், தனியாகவா வந்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். நானும் கன்னடத்திலேயே ஆமாம் என்றேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தாளில் ஒரு மேட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது ஊசி மாதிரி ஒல்லியா இருக்கணும் ஐயா. உங்களுக்கு அகலமா இருக்கு. இதயத்தோட இடது பக்கத்துக்குக் கரண்ட் லேட்டா போகுது. உங்க வயசுல, மயக்கமும் வர்றப்ப, இதைச் சும்மா விட முடியாது. வீட்ல யார் இருக்காங்க?"

"சம்சாரம் இருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

நெஞ்சில் ஒரு சின்ன மெஷினை ஒட்டினார்கள். ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்யச் சொன்னார்கள். கெலவரப்பள்ளி அணைக்குப் போவது எங்கள் இருவருக்கும் வழக்கம். போனேன். பொரித்த மீன் வாங்கி, அவளுக்குப் பிடித்த நடுத்துண்டை ஒதுக்கி வைத்த பிறகுதான் அவள் இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் மெஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"ஏங்க, குரலே சரியில்லையே?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல ஒரு பேட்டரி வைக்கணுமாம்."

அந்தப் பக்கம் பேரன் அழுவது மட்டும் கேட்டது. பிறகு, "நான் வர்றேன்" என்றாள்.

வந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் காலையில் காபியை நீட்டிவிட்டு, தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மெல்லக் கை வைத்து, "ஓடுதா?" என்பாள். மகளின் லீவு முடிந்ததும் பேரனைப் பார்த்துக்கொள்ள அவள் புனேக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இப்போது மயக்கம் வருவதில்லை. போன வாரம் போனில், "எனக்கு இங்க இருப்பே கொள்ளலங்க" என்றாள். எனக்கும்தான் என்றேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.