மாங்கன்றில் கட்டிய சவுரி முடி

"சிக்கு முடி வாங்குறோம்" என்று தெலுங்கில் கூவிக்கொண்டு கீழே ஒரு ஸ்கூட்டர் போனது.

நான் சின்னவளாக இருந்தபோது இதே மாதாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதர்க்காடு. மான்கள் வந்து மாங்கன்றின் கொழுந்தை மேய்ந்துவிடும். மனித வாடைக்கு அவை அண்டாதென்று, சவுரிக்காக அம்மா சேர்த்துவைத்த சிக்கு முடியைத் துணியில் முடிந்து கன்றில் கட்டினார் அப்பா. அதில் சீயக்காய் மணந்தது.

"உங்க மானுக்கு என் சவுரிதான் கெடச்சுதா?"

சித்தி கல்யாணத்துக்கு அம்மா எலிவால் பின்னலோடுதான் போனாள். ஆனால் கன்றில் கட்டிய முடிச்சை அவிழ்க்கவில்லை; தலை சீவும்போதெல்லாம் உதிர்ந்த முடியையும் அதிலேயே திணித்தாள்.

காடும் மாமரமும் போய் அடுக்குமாடி வந்தது. இப்போது ஐந்தாவது மாடி பால்கனியில் ஓர் எலுமிச்சைச் செடி.

"சேத்து வச்ச முடியைக் குடுத்துடலாமாம்மா?"

அம்மா முடி சேர்த்த பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நக்கோ, வேணாம். மான் வந்தா?"